முகம் காத்த பாடகர்

காரைதீவுக்கும் சம்மாந்துறைக்கும் இடையே, வயல்வெளிகளும் தாம்போதியும் சூழக் கிடக்கும் சிற்றூர் எங்கள் மாவடிப்பள்ளி. நாடகவியலுக்கு ‘மதங்க சூளாமணி’ என்னும் நூலை 1926இல் அளித்த விபுலாநந்த அடிகள் பிறந்த காரைதீவு எமக்கு அயலூர். அந்த அயலின் காற்றுப் பட்டதனாலோ என்னவோ, தமிழாசிரியனாக இருந்த காலமெல்லாம் நாடகம் பழக்குவதை ஒரு கடமையாகவே கொண்டிருந்தேன். நாடகம் பழக்குபவனே வேடமும் புனைந்துவிட வேண்டும் என்பது சிறிய பாடசாலைகளின் எழுதாச் சட்டம். ஆதலால் ஒரு கையில் நாடகப் பிரதியும் மறு கையில் சாயக் கிண்ணமுமாக என் ஆசிரிய வாழ்வின் பெரும்பகுதி கழிந்தது.

ஒப்பனை என்பது கண்ணுக்குரிய கலை என்றே நெடுங்காலம் எண்ணியிருந்தேன். அது தோலுக்கும் உரியது என்பதை எனக்கு உணர்த்தியவன் ஒரு சிறுவன். தமிழ்த்தினப் போட்டிக்கென ஒரு சரித்திர நாடகம் பழக்கிக்கொண்டிருந்தோம். முதிய மன்னனாக நடித்தவனுக்கு வயது பதினான்கு. வறிய வீட்டுப் பிள்ளை. குரல் ஒன்றே அவன் செல்வம். முழு வேடத்துடன் நடந்த இரண்டாம் ஒத்திகைக்கு மறுநாள் அவன் பாடசாலைக்கு வரவில்லை. வீடு தேடிச் சென்றேன். கண்கள் மூடுமளவுக்கு முகம் வீங்கி, மேலுதட்டிலும் தாடை நெடுகிலும் சிறு கொப்புளங்கள் எழுந்து, பாயிற் சுருண்டு கிடந்தான். அவன் உம்மா என்னைக் கடிந்து ஒரு சொல்லும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் என் மனம் சற்று ஆறியிருக்கும்.

முதல் ஒத்திகையிலேயே அவனுக்கு அரிப்புக் கண்டிருந்தது என்பதைப் பின்னரே அறிந்தேன். சொன்னால் மன்னன் வேடம் வேறொருவனுக்குப் போய்விடும் என்று அஞ்சி மறைத்துவிட்டான். நானோ, பெயரும் உட்பொருளும் எழுதப்படாத பொட்டலங்களில் வாங்கிய சாயங்களை, அவை எவற்றால் ஆயின என்று ஒருநாளும் கேளாமல், பிறர் பிள்ளைகளின் முகங்களிற் பூசிவந்தவன். குற்றம் என்னுடையது. அரசாங்க வைத்தியசாலையின் வைத்தியர் மருந்து கொடுத்து, தோல் முழுதும் ஆறும்வரை எதனையும் பூசலாகாது என்று கட்டளையிட்டார். போட்டிக்கு ஐந்து வாரங்கள் இருந்தன. அந்த நாட்களில், மேடைச் சாயத்தின் வரலாற்றைத் தேடிப் படிக்கலானேன். அப்போதுதான் லூட்விக் லைக்னர் என்னும் மனிதரின் வாழ்க்கை என் கண்ணிற் பட்டது.

அவர் வாழ்வைக் கூறுமுன் நம் மொழியிலுள்ள ஒரு சொல்லை நினைவூட்ட வேண்டும். வேடம் புனைவதை நாம் அரிதாரம் பூசுதல் என்கிறோம். அரிதாரம் என்பது உண்மையில் ஒரு கனிமத்தின் பெயர். ஆசனிக்கும் கந்தகமும் சேர்ந்த, பொன்போல மின்னும் மஞ்சட் கல் அது. கேரளத்துக் கதகளி நடிகர் அதனை மனயோலை என்பர். தேங்காயெண்ணெய் விட்டு அரைத்து முகத்தில் எழுதுவர். அவர்கள் செந்நிறத்துக்குக் கொள்ளும் சாயில்யமோ இரசமும் கந்தகமும் சேர்ந்தது. தூய நிலையில் இவை நீரில் எளிதிற் கரையா. எனினும் தூய்மை செய்யப்படாத கல்லில் கரையக்கூடிய நச்சுப் பகுதிகள் கலந்திருத்தல் கூடும். நடிப்புக்கே ஆகுபெயராய் நாம் வழங்கும் சொல் ஒரு நஞ்சின் பெயர் என்பதை, தமிழ் கற்பித்த நான் இத்தனை ஆண்டுகள் எண்ணிப் பார்த்ததில்லை.

நம் மேடைக்கு மஞ்சள் எப்படியோ, ஐரோப்பிய மேடைக்கு வெள்ளை அப்படி. அந்த வெள்ளையோடு போராடியவரே லைக்னர்.

லூட்விக் லைக்னர் 1836ஆம் ஆண்டு ஜேர்மனியின் மைன்ஸ் நகரிற் பிறந்தார். ரைன் நதிக்கரையிலுள்ள அந்நகரம், அச்செழுத்துக் கலையை ஐரோப்பாவுக்கு அளித்த கூட்டன்பேர்க் பிறந்த ஊர் என்பதால் புத்தகப் பிரியர்களுக்கு அறிமுகமானது. லைக்னருக்கு வாய்த்த செல்வமும் குரலே. அவர் இசைநாடகப் பாடகரானார். ஜேர்மன் நாடகமன்றுகளில் றிச்சாட் வாக்னரின் இசைநாடகங்கள் புயலெனப் புகுந்துகொண்டிருந்த காலம் அது. அவ்விசையைப் போற்றியோரும் தூற்றியோரும் இரு கட்சிகளாக நின்றனர். லைக்னர் போற்றியோர் பக்கம் நின்றார். வாக்னரின் பாத்திரங்களைப் பாடினார். அந்தப் பற்று அவரை ஆயுள் முழுதும் விடவில்லை.

பாட்டோடு அவர் வாழ்வு நின்றிருந்தால் இன்று அவர் பெயரை நினைப்பார் சிலரே. வூர்ட்ஸ்பேர்க் நகரில் அவர் இரசாயனம் கற்றார். பழைய பல்கலைக்கழக நகரம் அது. பிற்காலத்தில், 1895இல், எக்ஸ் கதிர் கண்டறியப்பட்டதும் அங்கேதான். வாக்னர் இளமையில், 1833இல், நாடகமன்றக் குழுப்பாடகர்க்குப் பயிற்சியாளராகத் தொழில் தொடங்கியதும் அதே நகரில்தான். மேடையையும் ஆய்வுகூடத்தையும் ஒருங்கே அறிந்தவர் எக்காலத்திலும் அரியர். நடிகருக்கு முகத்தில் எரிவது தெரியும், காரணம் தெரியாது; இரசாயனிக்குக் காரணம் தெரியும், எரிவு தெரியாது. லைக்னர் இரண்டையும் அறிந்தவரானார்.

அக்கால மேடையில் நடிகர்கள் முகத்துக்கு இட்டவை பெரும்பாலும் உலர்ந்த பொடிகள். வெண்மைக்கு முதன்மையானது ஈயவெள்ளை. இரசாயன நூலார் காரீயக் காபனேற்று என்பர். மலிவானது, மென்மையானது, சிறிதளவு இட்டாலும் தோலின் நிறத்தை முற்றாக மறைப்பது. பூசியவுடன் அதைப்போல் அழகு செய்வது வேறொன்றில்லை. நாட்பட நாட்படவே அதன் கொடுமை வெளிப்படும். பொடி உதட்டின் வழியே வயிற்றுக்கும், மூச்சின் வழியே நெஞ்சுக்கும் செல்லும். உடலிற் சேர்ந்த ஈயம் வயிற்று வலியாய், இரத்தக் குறைவாய், கைநடுக்கமாய், மணிக்கட்டு விழுந்துபோகும் வாதமாய்த் தோன்றும். முகமோ வாடி வெளிறும். வெளிறிய முகத்தை மறைக்க நடிகர் இன்னும் தடிப்பாகப் பூசுவார். நோயைத் தந்ததே நோயை மறைக்கும் திரையுமாயிற்று.

விளக்கும் இதற்குத் துணைபோயிற்று. மெழுகுதிரியின் மங்கிய ஒளியில் சிறிது பொடி போதுமாயிருந்தது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மேடைக்கு வாயு விளக்கு வந்தது. அதன் ஒளியில் முகத்தின் ஒவ்வொரு கோடும் புலப்பட்டது. அதன் வெப்பத்தில் வியர்வை ஊறிப் பொடி கரைந்து வழிந்தது. 1881இல் இலண்டன் சவோய் நாடகமன்றில் மின்விளக்கு ஏற்றப்பட்டபின் பழைய பொடிகளின் குறை மேலும் துலங்கிற்று. வியர்வையைத் தாங்கி முகத்தோடு ஒட்டி நிற்கும் ஒரு புதிய சாயம் நடிகருக்குத் தேவைப்பட்டது.

கொழுப்பிலே சாயத்தைக் குழைத்தல் என்னும் எண்ணம் முதலில் உதித்தது லைக்னருக்கு அன்று. அந்தப் பெருமையை நாடக வரலாறு லைப்சிக் நகர நடிகரான கார்ள் பௌடின் என்பவருக்கு அளிக்கிறது. பொய்முடி நெற்றியைத் தொடும் இடத்திலுள்ள கோட்டை மறைப்பதற்காக அவர் நாகவெள்ளை, மஞ்சட் காவி, செந்தூரம் ஆகியவற்றைப் பன்றிக் கொழுப்பிற் குழைத்துப் பூசினார். அது பொடியிலும் நன்றாக நிற்கக் கண்டு பிற நடிகரும் கைக்கொண்டனர். ஒப்பனையறைகளிற் கைமருந்துபோலப் பரவிய அந்த வழக்கத்தைக் கல்வியால் ஒழுங்குபடுத்தி, உலகம் முழுதும் நம்பி வாங்கக்கூடிய பொருளாக்கியவர் லைக்னர்.

1873இல் பேர்லினில் அவர் தமது தொழிலகத்தைத் தொடங்கினார். சென்னையிலே பம்மல் சம்பந்த முதலியார் பிறந்ததும் அந்த ஆண்டில்தான் என்பதை நம் நாடக அன்பர்கள் நினைவிற் கொள்ளலாம். பேர்லின் புதிய பேரரசின் தலைநகராகி ஈராண்டுகளே ஆகியிருந்தன. அந்த ஆண்டே வியன்னாவிலும் பேர்லினிலும் பங்குச் சந்தைகள் சரிந்து, புதிதாய் முளைத்த எத்தனையோ நிறுவனங்கள் மறைந்தன. முகச்சாயம் விற்க வந்த பாடகரின் தொழிலகமோ நிலைத்து நின்றது. ஈயம் கலவாத சாயம் என்பதே அவர் சரக்கின் முதற் பெருமை.

ஈயவெள்ளைக்கு மாற்றாக வந்தது நாகவெள்ளை. நாகவொட்சைட்டு என்று நம் பாடசாலைகளில் கற்பிக்கும் பொருளே அது. தோற்புண்ணுக்கும் குழந்தையின் வேர்க்குருவுக்கும் இன்றும் வைத்தியர் கொடுக்கும் களிம்புகளில் அது இடம்பெறுகிறது. ஈயவெள்ளையைப்போல் அத்துணை அடர்த்தியாக மறைக்காதெனினும், பூசியவரை நோயாளியாக்குவதில்லை. அதனை நிறப்பொருள்களோடு கொழுப்பிலும் மெழுகிலும் குழைத்துக் குச்சியாக வார்த்தால், உடற்சூட்டில் இளகி முகத்திற் பரவும், வியர்வையில் கரையாது, பொடிபோல் மூச்சிற் பறக்காது. இந்தக் கடைசி நன்மை பலர் கவனியாதது. நஞ்சை நீக்கியதோடு நில்லாமல், சாயம் உடலுக்குட் புகும் வழியையும் ஒடுக்கியது அக்குச்சி. கழுவும்போதும் தேய்த்துத் தோலைப் புண்ணாக்க வேண்டியதில்லை. சிறிது கொழுப்பையோ எண்ணெயையோ இட்டு இளக்கித் துடைத்தாற் போதும்.

நாடகவுலகம் அதனை ஆவலோடு ஏற்றது. ஒவ்வொரு நிறத்துக்கும் ஓர் இலக்கமிட்டு விற்றார் லைக்னர். தந்தநிறமுள்ள 5ஆம் இலக்கக் குச்சியையும் செங்கல்நிறமுள்ள 9ஆம் இலக்கக் குச்சியையும் கலந்து பூசுவதே ஆங்கில மேடையில் நெடுங்காலம் வழக்கமாயிருந்தது. ஐந்தும் ஒன்பதும் என்றால் நடிகர் எவருக்கும் பொருள் விளங்கும். இலக்கத்தால் வந்த பயன் நிறத்தோடு முடியவில்லை. ஒரு குச்சி ஒருவர் முகத்துக்கு ஒத்துக்கொண்டால் அதே இலக்கத்தை மறுபடி வாங்கலாம். ஒத்துக்கொள்ளாவிட்டால் அதை விலக்கலாம். பெயரில்லாப் பொட்டலத்தை வாங்கிய எனக்கு இந்த வசதி இல்லாமற் போனது என் அறியாமையின் கூலி.

லைக்னரின் தொண்டு எத்தகையது என்பதை உணர, ஈயத்தை விடாத இன்னொரு மேடையை நோக்கவேண்டும். யப்பானிலே கபுக்கி நாடகத்தில் பெண்வேடம் புனைவோர் முகம், கழுத்து, கைகளெங்கும் தடித்த வெள்ளை பூசுவர். 1887இல் பேரரசர் மெய்ஜி முதன்முறையாகக் கபுக்கி காண வந்தார். அந்த மாபெரும் அவையில் இளம் நடிகர் நாகமுரா ஃபுகுசுகேயின் கால்கள் நடுங்கின. அவையச்சத்தால் வந்த நடுக்கமன்று. ஆண்டுக்கணக்கிற் பூசிய ஈயவெள்ளையால் வந்த நோய் என்று வைத்தியர் கண்டனர். பின்னாளில் ஐந்தாம் உதாஎமோன் என்னும் பெரும்பெயர் பெற்று, 1940இல் மறையும்வரை அவர் தம் நாட்டின் தலைசிறந்த நடிகருள் ஒருவராக விளங்கினார். ஆயினும் இளமையிற் புகுந்த ஈயம் அவர் அசைவை இறுதிவரை கட்டிப்போட்டது. பேர்லினில் ஈயமற்ற சாயம் விற்பனைக்கு வந்து பதினான்கு ஆண்டுகள் கழிந்தபின் நிகழ்ந்தது இது.

அரசாங்கம் விழித்தும் முழுதாக விழிக்கவில்லை. நச்சுச் சாயங்களைத் தடுக்க 1900இல் அந்நாட்டில் விதி பிறந்தபோது, முகவெள்ளைக்கு மட்டும் தற்காலிக விலக்கு அளிக்கப்பட்டது. அந்தத் தற்காலிகம் முப்பது ஆண்டுகளுக்கு மேல் நீடித்தது. இடையில், தாய்மார் பூசிய வெள்ளையிலிருந்த ஈயமே பச்சிளங் குழந்தைகளை மூளைநோய்க்கு ஆளாக்கியது என்பதைக் கியோத்தோப் பேராசிரியர் ஹிராய் 1923இல் எடுத்துக்காட்டினார். மேடைமுகத்தின் நஞ்சு தொட்டில்வரை சென்றிருந்தது.

மீண்டும் பேர்லினுக்கு வருவோம். சாயத்தொழில் லைக்னருக்குப் பெருஞ்செல்வம் ஈட்டித் தந்தது. வணிகர்க்கு அரசு வழங்கும் உயர்ந்த பட்டமும் அவரை அடைந்தது. செல்வம் வந்தபின் பாடற்காலப் பற்றை மறந்துவிடவில்லை அவர். 1883இல் மறைந்த வாக்னருக்குத் தலைநகரில் ஒரு நினைவுச்சின்னம் எழுப்ப வேண்டும் என்று முன்னின்று உழைத்தார்; பொருளும் கொடுத்தார். குஸ்தாவ் எபர்லைன் என்னும் சிற்பி செதுக்கிய அந்தச் சின்னம் தீயர்கார்ட்டன் பூங்காவில் 1903 ஒக்டோபர் 1ஆம் நாள் திறந்துவைக்கப்பட்டது. அரியணையொத்த இருக்கையில் வாக்னர் வீற்றிருக்கும் கோலம் அது.

அவ்விழாவே லைக்னருக்குப் பெரும் மனவேதனை தந்த நாளுமாயிற்று என்று எண்ணுகிறேன். வாக்னரின் துணைவி கோசிமாவும் குடும்பத்தாரும் விழாவுக்கு வரவில்லை. பத்திரிகைகளும் கேலிச் சித்திரக்காரரும் முகச்சாயம் விற்பவர் இசைப்பேரரசருக்குச் சிலை வைப்பதா என்று நகையாடினர். தம்மையே விளம்பரம் செய்துகொள்கிறார் என்ற பழியும் எழுந்தது. அதில் சிறிது உண்மை இல்லாமலும் இல்லை. விழாக்காட்சியை அன்ரன் ஃபொன் வேர்னர் என்னும் ஓவியரைக் கொண்டு 1908இல் பெரிய ஓவியமாகத் தீட்டுவித்து, அதில் தாமும் விளங்கித் தோன்றுமாறு செய்தவர் அவர். புகழாசை அவரிடம் இருந்தது. அதை மறைத்து அவரைத் துறவியாக்கிக் காட்டுதல் என் நோக்கமன்று.

ஆயினும் ஒன்று கேட்கத் தோன்றுகிறது. வாக்னரின் தேவரையும் வீரரையும் மேடையிற் காட்டிய பாடகர்கள் நோயின்றி நெடுங்காலம் பாடுதற்கு உதவியவர், வாக்னருக்கு என்ன அந்நியர்? இசையமைத்தவனை மாலையிட்டு வணங்கும் உலகம், பாடியவனின் தோலைக் காத்தவனைக் கடைக்காரன் என்றே காண்கிறது. நம் நாட்டிலும் வேறல்ல. நாடகம் எழுதியவர் பெயரும் நடித்தவர் பெயரும் அழைப்பிதழில் ஏறும். ஒப்பனையாளர் பெயர் இறுதி வரியில் இடமிருந்தால் வரும்.

லைக்னர் 1912இல் பேர்லினையடுத்த டாலம் என்னுமிடத்தில் காலமானார், வயது எழுபத்தாறு. தீயர்கார்ட்டன் பூங்காவில் அந்தச் சின்னம் இன்றும் நிற்கிறது. மழையும் பனியும் அரித்த கல்லைக் காக்க 1987இல் அதற்கு மேலே ஒரு கூரை வேயப்பட்டது. கல்லுக்கும் காப்புத் தேவைப்படுகிறதெனின், தோலுக்குச் சொல்லவேண்டுமா?

அவர் கண்ட சாயக்குச்சியும் காலத்தோடு மாறியது. திரைப்படம் வந்தபோது, நாடகமேடைக்கெனச் செய்த தடித்த பூச்சு அண்மைக் காட்சிகளில் வெடித்துத் தோன்றியது. போலந்திற் பிறந்து அமெரிக்கா சென்ற மக்ஸ் ஃபக்ரர் 1914இல் மெல்லிய குழம்பாக அதனை மாற்றியமைத்தார். பெயர்களும் வடிவங்களும் மாறின; பூசுபவனுக்குக் கேடு செய்யாத சாயம் என்னும் நெறி மட்டும் நிலைத்தது.

ஆனால் லைக்னரின் வெற்றிக்கும் ஓர் எல்லை உண்டு. என் மாணவனின் முகத்தை விளங்கிக்கொள்ள அந்த எல்லையே எனக்கு உதவியது. ஈயம் நஞ்சு, யார் பூசினாலும் எத்தகைய தோலானாலும் அது தீங்கே செய்யும். ஒவ்வாமையோ வேறு இயல்பினது. நூறு பேருக்கு ஒரு கேடும் செய்யாத பொருளை, நூற்றோராவது ஆளின் உடல் பகையென எண்ணிப் போர்தொடுக்கும். முதன்முறை பூசும்போது அமைதியாயிருந்து, உடல் அதனை அடையாளங் கண்டுகொண்டபின் அடுத்தடுத்த முறைகளிற் சீறுவதும் உண்டு. நஞ்சை ஆய்வுகூடத்தில் நீக்கிவிடலாம். ஒவ்வாமையை அந்தந்த மனிதரின் தோலிலேதான் தேடிக்காண வேண்டும்.

அதைத் தேடும் வழியும் லைக்னர் வாழ்ந்த நாளிலேயே பிறந்தது. பிறெஸ்லோ நகரின் தோல்வைத்தியர் யோசப் யாடசோன், ஐயத்துக்குரிய பொருளைச் சிறிதளவு தோலில் ஒட்டவைத்துப் பார்க்கும் சோதனையை 1895இல் வெளியிட்டார். வியன்னாவின் கிளெமென்ஸ் ஃபொன் பீர்க்கே, இன்று உலகெங்கும் வழங்கும் அலர்ஜி என்னும் சொல்லை 1906இல் ஆக்கினார். சாயத்தைத் தூய்மைசெய்த இரசாயனி ஒருபுறம். தோலின் மொழியைக் கற்ற வைத்தியர்கள் மறுபுறம். இவ்விரு அறிவும் ஒப்பனையாளன் ஒருவனிடத்திற் கூடவேண்டும் என்பதே இவ்வரலாற்றால் நான் பெற்ற பாடம்.

மூன்று வாரங்களில் மாணவனின் முகம் தெளிந்தது. வைத்தியரின் சம்மதத்தோடும் அவன் உம்மாவின் முன்னிலையிலும், முகத்துக்கிட்ட பொருள்களை முன்கையின் உட்புறத்தில் ஒவ்வொன்றாக, ஒரு சிறு நாணயமளவுக்கு இட்டோம். வெள்ளை ஓரிடம், சிவப்பு ஓரிடம், தாடி ஒட்டும் ஸ்பிரிட் கம் ஓரிடம். வெள்ளையும் சிவப்பும் இம்முறை பெயரும் உட்பொருளும் எழுதப்பட்ட டப்பாக்களிலிருந்து வந்தவை. ஒருநாள் கழிந்தும் ஒன்றும் தெரியவில்லை. அவசரப்பட்டிருந்தால் அத்தோடு நிறுத்தியிருப்பேன். இரண்டாம் நாள் மாலை, பசை இட்ட இடம் மட்டும் சிவந்து தடித்தது. அப்பசையில் பைன் மரத்துப் பிசின் உண்டு. ஒவ்வாமை விளைப்பதில் அது பெயர்பெற்றது. அவனுடைய மேலுதட்டிலும் தாடை நெடுகிலும் கொப்புளங்கள் ஏன் எழுந்தன என்பது அப்போதுதான் விளங்கிற்று. தாடியும் மீசையும் ஒட்டிய இடங்கள் அவை. அவன் முகம் முதல் நாளே எனக்கு விடை சொல்லியிருந்தது. படிக்கத் தெரியாதவன் நான்.

பசையைக் கைவிட்டோம். மெல்லிய வலைத்துணியில் மயிரைத் தைத்து, இருபுறமும் நூல்வளையம் வைத்துக் காதிலே மாட்டும் தாடியொன்றை அவன் உம்மாவே செய்து தந்தார். மீசையைச் சாயக் கோலால் வரைந்தேன். முகத்துக்குத் தனிப் பஞ்சு, தனித் துணி. ஒருவர் தொட்டதை மற்றவர் தொடவில்லை. முன்பெல்லாம் மண்ணெண்ணெய் தொட்ட துணியால் பிள்ளைகளின் முகத்தைத் துடைத்த கை இது. அன்று தேங்காயெண்ணெய் இட்டு இளக்கி, பழைய மென்துணியால் ஒற்றியெடுத்து, இளஞ்சூட்டு நீரில் கழுவுவித்தேன். மூச்சுத்திணறலோ உதட்டு வீக்கமோ கண்டால் வேடத்தையும் அவையையும் மறந்து வைத்தியசாலைக்கு ஓடவேண்டும் என்று ஒப்பனையறைச் சுவரில் எழுதியும் வைத்தேன்.

மன்னன் மேடையேறினான், அவன் குரல் மண்டபத்தை நிறைத்தது. பரிசு வேறொரு பாடசாலைக்குப் போயிற்று. மறுநாட் காலை அவன் தெளிந்த முகத்தோடு வகுப்பில் வந்தமர்ந்ததே எனக்குப் போதுமானதாயிருந்தது.

அன்றுமுதல் ஒரு வழக்கத்தைக் கைக்கொண்டேன். வேடங்களைப் பகிர்ந்தளித்தபின் ஒவ்வொரு பிள்ளையையும் தனியே அழைத்து, எது பூசினால் உனக்குக் கடிக்கும், எது பட்டால் எரியும் என்று கேட்பேன். சொல்வதால் வேடம் பறிபோகாது என்பதை முதலிலேயே உறுதிசெய்துவிட்டுத்தான் கேட்பேன். அந்த உறுதி இல்லாதவிடத்து எந்தப் பிள்ளையும் உண்மை சொல்லாது. ஈயவெள்ளை பூசி வாடிய நடிகர்களுள் எத்தனை பேர், மேடை கைவிட்டுவிடும் என்றஞ்சி வாய்மூடி இருந்திருப்பரோ!

நடிகன் தன் முகத்தை ஓர் இரவுக்கு நமக்கு இரவல் தருகிறான். அதில் மன்னனை எழுதலாம், அரக்கனை எழுதலாம், கிழவனை எழுதலாம். விடியுமுன் அதனைப் பெற்றபடியே திருப்பிக் கொடுத்தல் நம் கடன். பேர்லின் நகரத்துப் பாடகர் ஒருவர் அந்தக் கடனை இரசாயனத்தின் துணைகொண்டு அடைத்தார். நம்மிடம் ஆய்வுகூடம் இல்லை. கேட்பதற்கு வாயும், காத்திருப்பதற்கு இரண்டு நாட்களும் எல்லோரிடமும் உண்டு.